பதுங்குவதா, சுடுவதா? அடுத்த பாகங்களில் தொலைந்துபோன பயம்

டிஸ்கி: வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். நடுவில் வாலியும் விருப்பாட்சி கோபால நாயக்கரும் கொடைக்கானல் காட்டெருமையும் வருகிறார்கள். :-)

கேம் ஆடுகிற நாலு பேர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் இந்தச் சண்டை வந்துவிடும்.

"முதல் பார்ட்டு எப்படி இருந்துச்சு தெரியுமாடா? இருட்டுல ஒளிஞ்சு, மூச்ச அடக்கி, ஒருத்தன் கண்ணுலயும் படாம உள்ள போய்ட்டு வெளிய வரணும். இப்ப என்னடான்னா வாசல் வழியா நடந்து போயி எல்லாரையும் சுட்டுத் தள்ளுறான். சீரீஸையே கெடுத்துட்டானுக."

"போடா டேய். பத்து நிமிஷம் ஒரு பெட்டிக்குப் பின்னாடி குத்த வச்சு உக்காந்திருக்கறதுக்கு எதுக்குடா கேமு? அதுக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல கொடைக்கானல் பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்கலாம். இப்பத்தான் கேம் நல்லாருக்கு."

எங்கள் வகுப்பிலும் இதே இரண்டு கட்சிகள் உண்டு. இந்தப் பதிவு வந்ததும் இரண்டு கட்சியும் என்னைச் சும்மா விடப்போவதில்லை. ஏனென்றால் என் கருத்து, இரண்டு பேருமே தப்பான இடத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள் என்பதுதான்.

புதியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். துப்பாக்கி வைத்து ஆடும் கேம்களில் 'ஸ்டெல்த்' என்றொரு வகை. எதிரியின் முகாமுக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். காவலாளி எந்தப் பக்கம் பார்க்கிறான், கேமரா எப்போது திரும்பும், நம் காலடிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதெல்லாம் இதில் கணக்கு. இந்த வகையில் ஒரு கேம் ஹிட் ஆனதும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரிசையாக வரும். வர வர பதுங்கல் குறையும், தோட்டா கூடும். பெரும்பாலான சீரீஸ்களின் ஜாதகம் இதுதான்.

ரசிகர்கள் 'பதுங்கலா, சுடுதலா' என்று கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்குப் பயமுறுத்தும் பதில் ஒன்று இருக்கும்வரை இரண்டு வகை ஆட்டமும் சுவைதான். அந்தப் பதில் 'ஒன்றும் ஆகாது' என்று மாறிய அன்றைக்கு இரண்டுமே செத்துப்போகும். அடுத்த பாகங்களில் காணாமல் போனது பதுங்கல் என்று நினைக்கிறோம். அதற்கு முன்னாலேயே பயம் போய்விட்டது.

வாலிக்கு என்ன பதில்?

மறைந்து தாக்கலாமா என்ற சண்டை தமிழனுக்குப் புதுசா என்ன? கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே, ராமன் மரத்துக்குப் பின்னால் நின்று வாலி மேல் அம்பு விட்டது சரியா என்று ஆரம்பித்துவிட்டோம். பட்டிமன்ற மேடைகளில் இன்னும் தீர்ப்பு வராத கேஸ் அது.

அந்தக் கதையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகிற ஒரு விவரம் இருக்கிறது. வாலிக்கு ஒரு வரம். யார் அவன் எதிரே வந்து நின்றாலும் அவர்களுடைய பலத்தில் பாதி அவனுக்குப் போய்விடும். நேருக்கு நேர் நின்றால் யாராலும் ஜெயிக்க முடியாத ஒருவன். அது தர்மமா இல்லையா என்பதைப் பட்டிமன்றத்துக்கே விட்டுவிடுகிறேன். ஆனால் கேம் டிசைன் என்று பார்த்தால் அந்த வரம் அருமையான விதி. எதிரே போகவே முடியாது, ஆகவே மறைய வேண்டியிருக்கிறது. மறைவுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நம் புறத்திணை இலக்கணத்திலும் இந்த வேறுபாடு உண்டு. வெட்சி என்றால் பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது, பெரும்பாலும் இரவில், சத்தமில்லாமல். தும்பை என்றால் இரண்டு படையும் களத்தில் நேராக மோதுவது. இரண்டுக்கும் தனித்தனிப் பூ, தனித்தனிப் பெயர். வெட்சி சூடியவன் கோழை என்று யாரும் சொல்லவில்லை. வெட்சிக்குப் போனவன் தும்பைச் சண்டை போட்டால் மாடும் வராது, ஆளும் வரமாட்டான். அவ்வளவுதான்.

ஐ.ஜி.ஐ என்ற பாலபாடம்

நம் நாட்டில் ஸ்டெல்த் பற்றிப் பேசினால் 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ'யைத் தொடாமல் பேச முடியாது. 2000 டிசம்பரில் வந்தது. செய்தது நார்வேயில் இருந்த இன்னர்லூப் ஸ்டுடியோஸ். 'ஐயாம் கோயிங் இன்' என்பதன் சுருக்கம்தான் ஐ.ஜி.ஐ. வெளிநாட்டு விமர்சகர்கள் சுமார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் கம்ப்யூட்டர் கிளாஸ்களிலும் அதற்குக் கிடைத்தது ராஜ மரியாதை. அண்ணன், சித்தப்பா யாரைக் கேட்டாலும் டேவிட் ஜோன்ஸ் என்ற பெயரைச் சொன்னதும் முகம் மலர்கிறது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் எங்கள் தலைமுறைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த கேமை அந்த ஸ்டுடியோ தன் பழைய போர் விமான கேமின் இஞ்சினை வைத்துச் செய்தது. அதனால் மலை, பள்ளத்தாக்கு என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம் விரியும். ஒரு மேட்டில் படுத்துக்கொண்டு பைனாகுலரில் கீழே இருக்கும் முகாமைப் பார்க்கலாம். கோக்கர்ஸ் வாக்கில் நின்று கீழே சமவெளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ரொம்பப் பழகிய வேலை. கேமில் பனிமூட்டம் மட்டும்தான் குறைச்சல். :-)

இப்போது முக்கியமான விஷயம். ஐ.ஜி.ஐயில் சுடத் தடையே இல்லை. ஏகே-47 கையில் இருக்கும், தாராளமாகச் சுடலாம். ஆனால் ஒரு காவலாளி ஓடிப்போய் அலாரத்தை அமுக்கினான் என்றால் பாசறைக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அடிபட்டால் காயம் தானாக ஆறாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு மிஷனின் நடுவில் சேவ் செய்யவே முடியாது. 14 மிஷன். ஒவ்வொன்றும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சு. அரை மணி நேரம் பாம்பு மாதிரி ஊர்ந்து வந்துவிட்டு, கடைசிக் கதவில் ஒருவன் முதுகில் சுட்டால் திரும்ப முதலிலிருந்து.

இது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைதான் கேம். மூலையில் நின்று எட்டிப் பார்க்கும்போது உள்ளங்கை வேர்த்ததே, அது கிராஃபிக்ஸால் வந்த வேர்வை இல்லை.

2003இல் 'ஐ.ஜி.ஐ 2: கோவர்ட் ஸ்ட்ரைக்' வந்தது. 19 மிஷன். பலர் கெஞ்சிக் கேட்ட சேவ் வசதி வந்தது, ஆனால் இத்தனை தடவைதான் என்று கணக்கோடு. கடினமான நிலையில் ஆடினால் எண்ணிக்கை இன்னும் குறையும். ஒன்று பெரிதா இரண்டு பெரிதா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கணக்கு வைத்த சேவ், நல்ல சமரசம். "இப்போது சேவ் செய்வதா, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்பதா?" என்று யோசிப்பதே ஒரு ஆட்டமாகிவிடுகிறது. பயத்தை எடுக்காமல் எரிச்சலை மட்டும் குறைத்தார்கள்.

சாம் ஃபிஷர் எப்படி சூப்பர் ஹீரோ ஆனார்

இதற்கு நேர் எதிர் உதாரணம் 'ஸ்ப்ளின்டர் செல்'. ரசிகர் சண்டையில் அதிகம் அடிபட்ட பெயரும் இதுதான்.

2002இல் வந்த முதல் பாகத்தில் சாம் ஃபிஷர் என்ற நடுத்தர வயதுக்காரர் இருட்டில் நடமாடுவார். நீங்கள் எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறீர்கள் என்று திரையில் ஒரு மீட்டர் காட்டும். பல மிஷன்களில் மூன்று தடவை அலாரம் அடித்தால் கதை முடிந்தது. 2005இல் 'கேயாஸ் தியரி' வந்தது. அலாரம் அடித்தால் உடனே தோல்வி என்ற விதி போனது, அதற்குப் பதில் சத்தத்துக்கும் ஒரு மீட்டர் வந்தது. சுற்றியிருக்கும் சத்தத்தைவிட உங்கள் சத்தம் கூடினால்தான் ஆபத்து. மழை பெய்தால் கொஞ்சம் வேகமாக நடக்கலாம்! மிஷனுக்கு முன்னால் பதுங்கலுக்கான ஆயுதங்களையோ மோதலுக்கான ஆயுதங்களையோ நீங்களே தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். அதாவது சுடுகிற வழி அப்போதே திறந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் போனால் சாம் சீக்கிரம் செத்துப்போவார். அதனால் யாருக்கும் புகார் இல்லை. இந்த சீரீஸில் எதுவும் இதைத் தாண்டவில்லை என்பது பெரும்பாலான ரசிகர்களின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

2010இல் 'கன்விக்‌ஷன்'. சண்டை இங்கேதான் வெடித்தது. கதைப்படி சாம் வேலையை விட்டுவிட்டார், மகள் விஷயத்தில் கொதித்துப் போயிருக்கிறார். கோபக்காரன் பதுங்கமாட்டான் என்பது நியாயம்தான். ஆனால் விதிகளைப் பாருங்கள். ஒருவனைக் கையால் வீழ்த்தினால், அதற்குப் பரிசாகச் சில எதிரிகளைக் குறிவைத்துக்கொண்டு ஒரே பட்டனில் அத்தனை பேரையும் வரிசையாகச் சுட்டுவிடலாம். அடிபட்டால் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றால் போதும், உடம்பு தானாகச் சரியாகிவிடும். இருட்டு அப்போதும் இருந்தது, ஒளிந்தால் திரை கறுப்பு வெள்ளையாகக்கூட மாறும். ஆனால் அந்த இருட்டு இப்போது அடைக்கலம் இல்லை, புலி பாய்வதற்கு முன் உட்காரும் புதர். பயப்பட வேண்டியது நீங்கள் இல்லை, காவலாளி!

2013இல் 'பிளாக்லிஸ்ட்' வந்தபோது எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்த்தார்கள். கோஸ்ட், பாந்தர், அசால்ட் என்று மூன்று பாணி. யாரையும் தொடாமல் போனாலும் காசு, மறைந்து கொன்றாலும் காசு, நேராகப் போய்ச் சுட்டாலும் காசு. திறமையாகச் செய்த கேம், இல்லை என்று சொல்லமாட்டேன். மிகக் கடினமான நிலையில் அந்த ஒரே பட்டன் வித்தையைக்கூட எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று உறுத்துகிறது. எந்த வழியில் போனாலும் பாராட்டு என்றால் வழியைத் தேர்ந்தெடுப்பதில் என்ன இருக்கிறது? ஹோட்டலில் இட்லியா தோசையா என்று கேட்பது போல ஆகிவிட்டது. ஐ.ஜி.ஐயில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அங்கே பசி இருந்தது.

'கமாண்டோஸ்' கதை இன்னும் சோகம். 1998இல் வந்த முதல் பாகத்தில் மேலிருந்து வரைபடம் மாதிரி பார்த்து, ஒவ்வொரு ஆளையும் சதுரங்கக் காய் போல நகர்த்த வேண்டும். மூன்று பாகங்கள் அப்படி வந்தன. 2006இல் 'ஸ்ட்ரைக் ஃபோர்ஸ்' என்று அதே பெயரில் துப்பாக்கி பிடித்து ஓடுகிற கேமாக மாற்றினார்கள். பழைய ரசிகன் திரும்பிப் பார்க்கவில்லை. சுடுகிற கேம் வேண்டியவனுக்கோ அதைவிட நல்லவை கடையில் நிறைய இருந்தன.

சுடும் கட்சியின் நியாயம்

இதுவரை படித்த சுடும் கட்சிக்காரர்கள் கல்லை எடுத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்கள் பக்கத்திலும் பலமான வாதம் இருக்கிறது.

பதுங்கல் கேம் ஆடுகிற பலர் நிஜமாகப் பதுங்குவதில்லை. நாலு அடி நடப்பார்கள், சேவ். காவலாளி பார்த்துவிட்டானா, உடனே லோட். மறுபடி நாலு அடி. இப்படி நூறு தடவை லோட் செய்துவிட்டு "ஒருத்தன்கூட என்னைப் பாக்கல" என்று பெருமை வேறு. ஐயா, எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள், நீங்கள் அதை அழித்துவிட்டீர்கள். பரீட்சையில் ஒவ்வொரு விடையையும் வாத்தியாரிடம் காட்டிக் கேட்டுவிட்டு எழுதினால் நூறு மார்க் வராமல் என்ன செய்யும்?

ஆகவே பயத்தைக் கொல்வதில் இரண்டு கட்சிக்கும் சம பங்கு. தானாக ஆறும் காயம் சுடுகிறவனின் பயத்தைக் கொன்றது. கணக்கில்லாத சேவ் பதுங்குகிறவனின் பயத்தைக் கொன்றது. இந்த விஷயத்தில் சுடும் கட்சிக்காரர்கள் ஒருபடி நேர்மையானவர்கள் என்றுகூடச் சொல்வேன். மாட்டினால் மாட்டியதுதான் என்று அந்த நிலைமையிலேயே சமாளிக்கிறார்கள்.

இன்னொரு ஆதாரம் நம் கையிலேயே இருக்கிறது. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், 2021இல் அதுவே பி.ஜி.எம்.ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. அதில் வீட்டுக்குள் ஒளிந்து உட்கார்ந்திருப்பவனை 'கேம்பர்' என்று திட்டாத ஆள் உண்டா? அப்படித் திட்டுகிறவனே கடைசிப் பத்துப் பேரில் ஒருவனாக வந்ததும் என்ன செய்கிறான்? புல்லில் குப்புறப் படுத்துக்கொள்கிறான். மூச்சுக்கூட விடமாட்டான். அதே ஆள் டீம் டெத்மேட்ச் ஆடும்போது படுப்பதே இல்லை, ஓடிக்கொண்டே சுடுகிறான். கை அதே கை, துப்பாக்கி அதே துப்பாக்கி. ஒரு ஆட்டத்தில் செத்தால் வெளியே போக வேண்டும், இன்னொன்றில் செத்தால் உடனே பிறந்துவிடலாம். வித்தியாசம் அவ்வளவுதான். மனிதர்களில் பதுங்கும் ஜாதி, சுடும் ஜாதி என்று இரண்டு கிடையாது. சாவின் விலை என்ன என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம்.

காட்டெருமையும் கோபால நாயக்கரும்

விலை என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. பழனி மலையில் இருப்பவர்களுக்கு ஸ்டெல்த் என்பது கேம் இல்லை, மாலை நேர நடைமுறை. கொடைக்கானல் தெருக்களில் காட்டெருமை வருவது சகஜம். நன்கு வளர்ந்த ஆண் ஒன்று ஆயிரம் கிலோவைத் தொடும். டூரிஸ்ட் வந்தால் ஹார்ன் அடிப்பார், ஃப்ளாஷ் போட்டு போட்டோ எடுப்பார், செல்ஃபிக்குக் கிட்டே போவார். ஊர்க்காரர் என்ன செய்வார்? நின்றுவிடுவார். அது எந்தப் பக்கம் பார்க்கிறது, அது போக வழி இருக்கிறதா, கன்று கூட இருக்கிறதா என்று பார்ப்பார். அது நகர்ந்த பிறகு நகர்வார். அவர் கோழையா? அவருக்குக் கணக்குத் தெரியும். எதிரே இருப்பது ஆயிரம் கிலோ, தான் அறுபது கிலோ.

திருக்குறளில் 48ஆவது அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். மூன்றும் அடுத்தடுத்து. முதலில் யார் பலசாலி என்று பார், அப்புறம் நேரம் பார், அப்புறம் இடம் பார். ஸ்டெல்த் கேமுக்கு இதைவிடச் சுருக்கமாக யாராவது மேனுவல் எழுதிவிட முடியுமா?

இதே மலையின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவில், விருப்பாட்சி இருக்கிறது. அந்தப் பாளையத்தின் தலைவர் கோபால நாயக்கர். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் வந்தது இவரிடம்தான். வேலு நாச்சியார் அங்கிருந்து உடனே வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, ஆள் சேர்த்து, ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். அந்த மீட்பில் குயிலி என்ற பெண், கோவிலுக்கு வரும் பெண்களின் கூட்டத்தில் கலந்து உள்ளே போய் வெள்ளையரின் ஆயுதக் கிடங்கை அழித்ததாகச் சிவகங்கைச் சீமை சொல்லி வருகிறது. மாறுவேடம், கூட்டத்தில் கலத்தல், ஆயுதக் கிடங்கு. 'ஹிட்மேன்' ஆடியவர்களுக்கு இந்த மிஷனை நான் விளக்க வேண்டியதில்லை.

கோபால நாயக்கர் பிறகு திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களைச் சேர்த்துக் கூட்டணி அமைத்தார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைப் பிடிக்க அந்த அணி போட்ட திட்டம் தோற்றது. 1801இல் அவரைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு சேவ் பட்டன் இல்லை.

வரலாற்றை கேமோடு சேர்த்து விளையாட்டாக்குகிறேன் என்று கோபப்படாதீர்கள். நான் சொல்ல வருவது இதுதான்: பீரங்கி வைத்திருப்பவன் மறைவதில்லை. காடும் மலையும் இருட்டும் எப்போதும் பலமில்லாதவனின் ஆயுதம். ஸ்டெல்த் கேமின் உள்ளே இருக்கும் கதையும் அதுவே. ஒரு தனி ஆள், எதிரே ஒரு முகாம். அந்த ஆளுக்குச் சூப்பர் ஹீரோ சக்தி கொடுத்த நிமிஷத்தில் கதையே வேறாகிவிடுகிறது. அப்புறம் முகாம்தான் பாவம்.

பின்னே ஏன் ஒவ்வொரு இரண்டாம் பாகத்திலும் ஹீரோவுக்குப் பலம் ஏறுகிறது? முதல் பாகம் எடுக்கும்போது கையில் காசு இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. 1987இல் வந்த முதல் 'மெட்டல் கியர்' இதற்கு நல்ல சாட்சி. எம்.எஸ்.எக்ஸ் 2 என்ற அந்தக் காலக் கம்ப்யூட்டரால் திரையில் நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் ஒரே சமயத்தில் காட்ட முடியாது. சண்டைப் படம் காட்ட வழியில்லை, சரி, சண்டையிலிருந்து தப்பிக்கும் கேம் செய்வோம் என்று ஹிடேயோ கோஜிமா திருப்பிப் போட்டார். மெஷினே பலவீனம், ஹீரோவும் பலவீனம். அடுத்தடுத்த பாகங்களுக்கு வசதி வந்துவிடுகிறது. செலவழித்த காசு திரையில் தெரிய வேண்டும் என்பதால் வெடிக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் போவதை ட்ரெய்லரில் எப்படிக் காட்டுவது?

விதிவிலக்குகளும் உண்டு

எல்லாம் போச்சு என்று ஒப்பாரி வைக்க இந்தப் பதிவு எழுதவில்லை. சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

'தீஃப்' முதல் பாகம் 1998இல் வந்தது. அதில் பேய், பிணம் என்று சண்டைக்கான இடங்கள் நிறைய இருந்தன. 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவற்றைக் குறைத்து, திருடனுக்குத் திருட இன்னும் பெரிய மாளிகைகளைக் கொடுத்தார்கள். பாகம் ஏறும்போது பதுங்கல் கூடிய அபூர்வம்.

'ஹிட்மேன்' 2012இல் 'அப்சல்யூஷன்' என்று நேர்க்கோட்டில் ஓடும் சினிமாவாக மாறியது, ரசிகர்கள் கத்தினார்கள். 2016இல் பெரிய, திறந்த ஊர்களோடு திரும்பி வந்தார்கள். 2018இல் வந்த அடுத்த பாகத்தில் மும்பைகூட உண்டு. அதன் மிகக் கடினமான நிலையில் ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு சேவ். ஐ.ஜி.ஐயின் ஆவி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. :-)

2015இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5'ஐ நான் முதலில் வைப்பேன். நீங்கள் தலையைக் குறிபார்த்தே சுடுகிற ஆள் என்றால், அடுத்தடுத்த மிஷன்களில் எதிரிகள் ஹெல்மெட் போட்டு வருவார்கள். எப்போதும் ராத்திரியிலேயே போகிற ஆள் என்றால், இருட்டில் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். பதுங்கினாலும் சுட்டாலும் அந்த உலகம் உங்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. எந்தக் கட்சியையும் கொஞ்சவில்லை, எந்தக் கட்சியையும் தள்ளவும் இல்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஒரு கேம் நடக்கிறது. 2017இல் வந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'. இந்த சீரீஸ் 2007இல் கிட்டத்தட்ட முழுக்கச் சுடுகிற கேமாகத்தான் தொடங்கியது. பாகம் ஏற ஏற மறைந்து போகும் வழிகளும் வந்தன. இதில் உயரமான புல்லுக்குள் ஒளிந்து போகலாம், சத்தம் கேட்காத கைத்துப்பாக்கியும் உண்டு. (எங்கள் மேல்மலையில் அப்படிப் புல்வெளி தேடினால் பல இடங்களில் வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும்தான் நிற்கின்றன. அது தனிப் பதிவுக்கான வயிற்றெரிச்சல்.) ஆனால் மாட்டினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அதனால் புல் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

2025இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ்' இந்தச் சண்டையையே இரண்டு உடம்பாகப் பிரித்துவிட்டது. நவோயே என்ற சிறிய உருவம் கொண்ட பெண் மறைந்து போவாள், நாலு பேர் சூழ்ந்தால் தாங்கமாட்டாள். யாசுகே என்ற பெரிய உருவம் கொண்ட சாமுராய் கதவை உடைத்துக்கொண்டு போவார், ஒளிய அவருக்கு வராது. யார் சிறந்தவர் என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பிடித்தது, பலம் குறைந்தவளிடம் மறைவையும் பலசாலியிடம் மோதலையும் கொடுத்தது. கணக்குச் சரியாக இருக்கிறது.

என் தீர்ப்பு

பட்டிமன்ற நடுவர் மாதிரி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நழுவமாட்டேன். சுடுவதைத் தடை செய்யச் சொல்லவில்லை. கேயாஸ் தியரியிலும் சுடலாம், ஐ.ஜி.ஐயிலும் சுடலாம். நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, மாட்டினால் ஏதாவது நிஜமாகக் கெட்டுப்போகட்டும். இரண்டு, சேவ் இருக்கட்டும், ஆனால் எண்ணிக்கொடுங்கள். மூன்று, பாகம் எத்தனை போனாலும் ஹீரோவை எதிரியைவிடச் சின்னவனாகவே வைத்திருங்கள்.

"பொழுதுபோக்குக்கு ஆடுற கேமுல ஏன்டா இவ்ளோ சீரியஸ்?" என்று கேட்பீர்கள். ஒரு புது கேம் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். நம்மில் பலருக்கு வருஷத்துக்கு ஒன்று வாங்கினால் பெரிது. அந்தக் காசு கொடுத்து வாங்குகிற கேமில் எனக்குப் பலசாலியாக நடிக்க ஆயிரம் கேம்கள் இருக்கின்றன. பலம் இல்லாதவன் பொறுமையையும் கண்ணையும் காதையும் மட்டும் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியும் என்று காட்டுகிறவை வெகு சில. அந்தச் சிலவற்றையும் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. காசும் இல்லாமல், சிபாரிசும் இல்லாமல், மலையிலிருந்து கீழே இறங்கிப் படிக்கவும் வேலை தேடவும் போகிற பசங்களுக்கு அந்தக் கதை கொஞ்சம் தேவைப்படுகிறது.

சரி, கல்லை எறியலாம். ஐ.ஜி.ஐ ஒன்றா இரண்டா, கன்விக்‌ஷன் நல்லதா கெட்டதா, பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். வாலி வதம் பற்றி மட்டும் ஆரம்பிக்காதீர்கள், செமஸ்டர் வருகிறது!